சகலை போட்ட இரட்டைப் பாதை

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கும் அவருடைய சகலைக்கும் வாய்த்த மனைவிமார் அக்கா தங்கை. பிடித்த பைத்தியமும் ஒன்றே. மேசைமேல் ஓடும் சின்ன ரயில்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்த ஈரம் காய்வதற்குள் அதன்மேல் வெளிநாட்டு வரைபடம் விரிந்துவிடும். நாடு நாடாகப் போய் மாதிரி ரயில் கண்காட்சிகளைப் பார்ப்பது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிஜ ரயிலிலேயே போவது என்பது திட்டம். விமானம் என்ற சொல்லைச் சகலையின் மனைவி ஒருமுறை உச்சரித்தபோது, கெட்ட வார்த்தை காதில் விழுந்ததுபோல் இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

எங்கே வண்டி மாறுவது, எதைத் தவறவிட்டால் எதைப் பிடிப்பது என்பதெல்லாம் கடைக்காரரின் இலாகா. கண் பரிசோதனைக்கு வந்தவர் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கும்போது இவர் செல்பேசியில் கால அட்டவணை படித்துக்கொண்டிருப்பார்.

"மூணாவது வரி சரிதானே சார்?"

"அது ஞாயித்துக்கிழமை ஓடாதுங்க."

கடைசிக் கண்காட்சியில்தான் அவருடைய உயிரே இருந்தது. அங்கே வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் தண்டவாளம் பதித்த தங்கள் பலகைகளைக் கொண்டுவந்து ரயில் ஓட்டிக்காட்டலாம். கடைக்காரர் எழுதிக் கேட்டு இரண்டு பலகைக்கு இடமும் வாங்கிவிட்டார். அவர் பலகையில் ஒரு சிற்றூர் ஸ்டேஷன். சகலையின் பலகையில் மலையும் சுரங்கமும். இரண்டையும் ஓரத்தோடு ஓரம் சேர்த்தால் ஒரே ஒற்றைப் பாதை. எதிர்வண்டி வரும்வரை இந்த வண்டி ஸ்டேஷனில் காத்துக் கிடக்க வேண்டும். கடைக்காரர் லென்ஸ் வைத்துத் தன் ஸ்டேஷனின் பிளாஸ்டிக் பயணிகளுக்குச் சாயம் பூசியிருந்தார். ஒருவருக்கு மூக்குக்கண்ணாடிகூட மாட்டியிருந்தார், தொழில் புத்தி. முன்பின் தெரியாத யாரோ ஒருவர் குனிந்து அந்தக் கண்ணாடியைக் கண்டுபிடித்துச் சிரிக்க வேண்டும். வெளிநாட்டில் அவர் பார்க்க ஆசைப்பட்டது அந்தச் சிரிப்பு ஒன்றைத்தான்.

ஒரு சிக்கல். கிடைத்த இடத்துக்குத் தனி ஆட்களாகப் போக முடியாது, ஏதாவது ஒரு சங்கத்தின் பெயரில்தான் போக வேண்டும். ஊரில் குறுரயில் கழகம் என்று ஒன்று இருந்தது. உறுப்பினர்களைவிடப் பதவிகள் அதிகம். தலைவர் ஒரு பல் டாக்டர். கூட்டம் தொடங்குமுன் தொப்பி மாட்டி விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டுவார். "நாம் ஓட்டுவது பொம்மையல்ல, நாகரிகம்" என்பார். நாகரிகம் அடிக்கடி தடம் புரளும். பொருளாளர் தவழ்ந்துபோய் எடுத்து வைப்பார். சகலைகளின் ஒற்றைப் பாதைக்குத் தலைவர் வைத்திருந்த பெயர் 'சந்து ரயில்'.

அவருடைய சம்மதத்தை வாங்க யார் போவது? கடைக்காரருக்கு அவரைக் கண்டால் பல் கூசும். "நான் பாத்துக்கறேன், விடுங்க சகலை" என்று சகலை போனார். பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு மலைக்குச் சாயம் காயவே இல்லை. பலகைகளைச் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேட்டால் "பசை இன்னும் பிடிக்கல", "மரம் ஒண்ணு சாயுது" என்று ஏதாவது வரும். கடைசியில் கடைக்காரர் கேட்காமலே ஒரு நாள் காலை ஸ்டேஷனை வாடகை வண்டியில் ஏற்றினார். மனைவி வாசல்வரை வந்து, "இன்னிக்கே போகணுமா?" என்றாள். வண்டிக்காரர் ஒரு முனையைப் பிடித்து மாடிவரை ஏற்றிக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

சகலை கதவைத் திறந்ததும் முகம் வெளுத்தது. "சொல்லிட்டு வரக்கூடாதா?"

"சொன்னா மரம் சாயுமே!"

மலை ஜன்னலோரம் இருந்தது. சாயம் நன்றாகவே காய்ந்திருந்தது. கடைக்காரர் ஸ்டேஷனைப் பக்கத்தில் வைத்து, மெதுவாக நகர்த்தி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்தார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

அவர் பக்கம் ஒரு தண்டவாளம். எதிர்ப்பக்கம் இரண்டு. ஒன்றுகூட ஒன்றுக்கு நேராக இல்லை.

அறியாதவர் பார்த்தால் அளவு தப்பிவிட்டது என்பார். கடைக்காரருக்கு அப்படிச் சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை. ஊரில் இரட்டைப் பாதைப் பலகை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான்.

"பல் டாக்டரா?" என்றார்.

"அது... ஒரு வளர்ச்சிதானே சகலை. கழகத்தோட பேர்ல போறோம். தலைவரோட பெரிய ஸ்டேஷன் இல்லாம எப்படிங்கறார். ரெண்டு பலகைக்குத்தான் இடம்."

"ரெண்டு பலகைக்கு இடம் வாங்கினது யாரு?"

"அதை நான் அவர்கிட்டச் சொன்னேனே! ரொம்பப் பாராட்டினார். அடுத்த கூட்டத்துல உங்களுக்கு ஒரு சால்வை போடலாம்னார்."

சகலையின் மனைவி டீயோடு வந்தாள். பலகைகளைப் பார்த்தாள், கடைக்காரரைப் பார்த்தாள். "ஏன் தம்பி, உங்களுக்குத் தெரியாதா? நான் அப்பவே தங்கச்சிகிட்டச் சொன்னேனே. அவதான் உங்ககிட்டச் சொல்றேன்னா."

கடைக்காரர் டீயை வாங்கிக்கொண்டார். குடித்து முடித்தார். வாசலில் கேட்ட 'இன்னிக்கே போகணுமா' இப்போதுதான் முழுதாகக் காதில் விழுந்தது. வீட்டில் அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. பிளாட்பாரத்தில் நிற்கும் பிளாஸ்டிக் ஆட்களையும் சேர்த்தால், அவருக்கும் அவர்களுக்கும்.

"நீங்களும் வாங்க சகலை" என்றார் சகலை. "உதவியாளர்னு ஒரு அட்டை தரலாம்னு தலைவர் சொல்றார். பெட்டியெல்லாம் தூக்கணும்ல?"

"என் ஸ்டேஷனை ஒரு கை பிடிங்க. கீழே எறக்கணும்."

அதை ஒருவரால் தூக்க முடியாது. துரோகம் செய்தவரும் செய்யப்பட்டவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார்கள். "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... சிக்னல் இடிக்குது பாருங்க." பின்பக்கமாக இறங்கிய சகலை அக்கறையாகத்தான் இறங்கினார். ஒரு மரம்கூட அசையவில்லை.

படி திரும்பும் இடத்தில் மூச்சு வாங்க நின்றார்கள். சகலை தொண்டையைச் செருமினார்.

"அந்த ரெண்டாவது ஊர்ல வண்டி மாறணுமே, எதிர்த்த பிளாட்பாரமா? தலைவருக்கு முழங்கால் வலி, அதான்."

ஏதாவது ஒரு பொய் போதும். நாகரிகத்தின் தலைவர் தொப்பியும் விசிலுமாக யாருமில்லாத பிளாட்பாரத்தில் நின்றிருப்பார். கடைக்காரர் வாயைத் திறந்தார். ஆனால் ரயில் விஷயத்தில் பொய் சொல்லிப் பழக்கமில்லாத வாய் அது.

"முதல் வண்டிக்குச் சுரங்கப்பாதைப் படி எறங்கிப் போகணும். அதை விட்டுடுங்க. அடுத்த வண்டி நீங்க வந்து எறங்கற பிளாட்பாரத்துக்கே வரும்."

சொல்லி முடித்ததும் தன் வாயை அறையலாம்போல இருந்தது. இரண்டு கையும் ஸ்டேஷனைப் பிடித்திருந்தன.

வண்டியில் ஏற்றியாயிற்று. சகலைக்குப் பாரம் இறங்கிய முகம். கதவைப் பிடித்துக்கொண்டு, "அங்கேர்ந்து உங்களுக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்? கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றார்.

கடைக்காரர் தன் பலகையின் ஓரத்தைப் பார்த்தார். தண்டவாளம் அந்த ஓரம்வரை வந்து வெறும் காற்றில் நின்றது.

"பாதை முடியற எடத்துல வைப்பாங்களே, முட்டுக்கட்டை. அது ஒண்ணு."

"அட, இவ்வளவுதானா!" சகலை செல்பேசியை எடுத்துக் குறித்துக்கொள்ளத் தயாரானார். "ஒத்தைப் பாதைக்கா, ரெட்டைப் பாதைக்கா?"