நான்கு, ஆயிரத்து இருபத்து நான்கு

மேலாளர் என் பக்கம் திருப்பிவைத்த திரையில் ஒரு வரி மட்டும் சிவப்பாக இருந்தது. புரோகிராமிலிருந்து நீக்கப்பட்ட வரி. நீக்கியது நான் என்று காட்டியது. நேரம், மதியம் ஒன்று பத்து.

"இது நீங்கதானே?"

அந்த வரியை எழுதியவளே நான். ரத்தம் வைத்திருக்கும் அறையின் வெப்பநிலையை எங்கள் பெட்டி அளந்து, ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஒவ்வொரு எண்ணும் இரண்டு பைட், அதாவது இரண்டு துண்டாகப் போகும். எங்கள் பெட்டி சின்ன மதிப்புள்ள பைட்டை முன்னால் வைக்கும், ஒன்றாம் இடத்தை முதலில் எழுதுவதுபோல. நெட்வொர்க்கில் பெரியதுதான் முன்னால் போக வேண்டும் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட முறை. அதனால் அனுப்புகிற இடத்தில் வரிசையைத் திருப்பிப் போடும் கட்டளையைச் சேர்த்திருந்தேன். ஒரே ஒரு வரி. அது இல்லாவிட்டால் நான்கு டிகிரி அந்தப் பக்கம் ஆயிரத்து இருபத்து நான்காகப் போய்ச் சேரும். சேர்ந்தது. அறை கொதிக்கிறது என்று நினைத்த அந்தக் கம்ப்யூட்டர் குளிரூட்டியை நிறுத்தவே இல்லை. நாற்பது பை ரத்தம் உறைந்து பாழ். யாருக்கும் ஏற்றவில்லை, நல்லவேளை.

மேசையின் மறுபக்கம் அத்தான் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அக்காவின் கணவர், எங்கள் குழுவின் தலைவர், எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். பெட்டியைச் சோதிக்க அவரே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறார். வந்த எண்ணை அதில் திருப்ப மறந்துவிட்டார். என் வரி இருந்தவரை அவர் திரையில் ஆயிரத்து இருபத்து நான்கு. வரியை எடுத்தால் அழகாக நான்கு. தன் புரோகிராமைச் சந்தேகப்படுவாரா மனுஷன்? நான் பூட்டாமல் விட்டுப்போன கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எடுத்துவிட்டார். பூட்டாதது என் தப்புதான், போகட்டும்.

நேற்றே வாசலில் நிறுத்திச் சொன்னார்.

"பழியை நீயே ஏத்துக்கோ. நீ தனி ஆளு, வேற எங்கயும் வேலை கிடைச்சிடும். எனக்குக் குடும்பம் இருக்கும்மா."

குடும்பமாம்! அப்போ நான் யார்?

ஆனால் எனக்குப் பயமில்லை. அன்று ஒன்று பத்துக்கு நான் கீழே சாப்பாட்டு அறையில் அக்காவுடன் இருந்தேன். பள்ளியில் குழந்தைக்குச் சாப்பாடு கொடுத்த கையோடு எனக்கும் அத்தானுக்கும் கொண்டுவந்திருந்தாள். அத்தான் பாதியில் "ஒரு நிமிஷம்" என்று மாடிக்கு ஓடினார். "பாரு, சாப்பாட்டைக்கூட நிம்மதியா சாப்பிட மாட்டார்" என்று அக்கா அலுத்துக்கொண்டாள். அவளிடம் எதையும் முன்கூட்டிச் சொல்லிவைக்கவில்லை. சொல்லித்தர வேண்டியவளா அவள்? ஜுரத்தில் கிடந்தபோதெல்லாம் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவள்.

"எங்க அக்காவைக் கேளுங்க சார்," என்றேன். மேலாளர் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தார். அத்தானின் பேனா நின்றது.

"போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் இங்க வந்தீங்களாம்மா?"

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதை மூடினாள்.

"இல்லைங்களே," என்றாள் அக்கா. "அன்னிக்கு நான் வீட்டை விட்டே கிளம்பல."

குரல் நடுங்கக்கூட இல்லை. பாவி, கொஞ்சம் நடுங்கியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அத்தானை விடு, அவர் வெளியிலிருந்து வந்தவர். இவள்?

மேலாளர் ஃபோனை அணைத்தார். "வேற ஏதாவது சொல்லணுமா?"

எழுந்து என் இடத்துக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். அன்று அக்கா விட்டுப்போன சாப்பாட்டு டப்பா இருந்தது. "கழுவிக் குடு, அவசரமில்ல" என்றிருந்தாள். மூடியில் அவள் பெண் ஒட்டிய பச்சை நட்சத்திரம், ஒரு முனை உரிந்து.

கொண்டுவந்து அத்தான் முன்னால் வைத்தேன்.

"அக்காகிட்ட குடுத்துடுங்க. அன்னிக்கு விட்டுட்டுப் போனது. கழுவிட்டேன்."

மேலாளர் டப்பாவைப் பார்த்தார். அத்தான் உரிந்திருந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். அது மறுபடி எழுந்துகொண்டது.