ஆறவிட்ட ரத்தம்

முனீஸ்வரிக்கு வயிறு எரிஞ்சது. எரியாதா பின்னே? மூணு பிள்ளை பெத்து, காய்ச்சலோட களை எடுத்து, இந்த வீட்டுக்கே மாடா உழைச்சவ. ஒருத்தராவது 'சாப்பிட்டியா தாயி'ன்னு கேட்டதுண்டா? நேத்து வந்த ஓரகத்தி தமிழ்வாணி விரல் விறைக்குதுன்னதும் கொழுந்தன் கையுறை, காலுறைன்னு வாங்கிக் குவிக்கிறான். மாமியார் பக்கெட்டைக்கூடத் தூக்க விடுறதில்லை. மதுரை வெயில்ல பொறந்தவளுக்குக் குளிராம், நம்புற கூத்தா இது?

மார்கழியில டாக்டர் விவரம் சொன்னாரு. சில பேருக்கு உடம்புல ஊறுற எதிர்ப்புச் சத்தே, குளிர் பட்டா அவுக சிவப்பணுவைக் கொத்தாக் கட்டி உடைச்சுப்புடுமாம். தமிழ்வாணிக்கும் அதுதானான்னு பாக்க, ரத்தம் கோரிப்பாளையம் லேபுக்குப் போகணும். ஆம்பளைக ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டதால முனீஸ்வரிதான் கூட வந்திருந்தா. தமிழ்வாணியை ஆஸ்பத்திரியிலயே உக்காரச் சொல்லிட்டு, நர்ஸ் ரத்தம் பிடிச்ச குழாயை வெதுவெதுப்பான தண்ணி ஊத்துன பிளாஸ்க்ல வச்சு முனீஸ்வரி கையில குடுத்தா.

"ஆறவிட்றாதீங்கக்கா. ஆறுனா அந்தச் சத்து அணுவோட ஒட்டிக்கிட்டு டெஸ்ட்ல தெரியாது, நோயே இல்லைன்னு வந்துரும்."

அந்தக் கடைசி வார்த்தை பஸ் நெடுக அவ காதை விட்டுப் போகலை. கோரிப்பாளையத்துல இறங்குனவ, பெட்டிக்கடையில ஐஸ் தண்ணி பாட்டில் ஒண்ணு வாங்குனா. பிளாஸ்க் தண்ணியைச் சாக்கடையில ஊத்திட்டு, குழாயை அந்தப் பாட்டிலோட சேர்த்து அரைமணி நேரம் அமுக்கிப் பிடிச்சிருந்தா. உன் சாயம் வெளுக்கட்டும்டின்னு மனசு குளுந்துச்சு.

"சூடாவே கொண்டாந்தீங்களாம்மா?"ன்னு லேப்காரர் கேட்டப்ப, தலையை ஆட்டிவச்சா.

மூணாம் நாள் ரிசல்ட் வந்துச்சு. நோய் இல்லை. வீட்டுலயே ரொம்பச் சந்தோசப்பட்டவ தமிழ்வாணிதான். அதுவே முனீஸ்வரிக்கு என்னமோ போல இருந்துச்சு.

மறுநாள் விடிஞ்சு கொல்லைப்பக்கம் வந்தா, தொட்டித் தண்ணியில முழங்கை வரைக்கும் கையை விட்டு அம்புட்டுப் பாத்திரத்தையும் தேய்ச்சுக்கிட்டிருக்கா தமிழ்வாணி.

"நீங்க உக்காருங்கக்கா. உங்களுக்கு வெந்நி போட்டிருக்கேன், மேலுக்கு ஊத்திக்கங்க. நீங்க ஒத்தையில கிடந்து அல்லாடுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு அம்புட்டுக் கூச்சமா இருந்துச்சு."

அவ விரல் பத்தும் நாவப்பழமாக் கருத்திருந்துச்சு. சொல்லாம மறைச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. முனீஸ்வரி ஓடிப்போய் அந்தக் கையை இழுத்துத் தன் கக்கத்துல வச்சு அமுக்குனா. தனக்குன்னு வெந்நி போட்ட மொத மனுசி இவதான்.

"டெஸ்ட் தப்புடி. ஐஸ் பாட்டில்ல வச்சு நாந்தான் ஆறவிட்டேன். வேணும்னே செஞ்சேன்."

தமிழ்வாணி அவ முகத்தையே பாத்தா. பெறகு கையை உருவிக்கிட்டா.