பன்னிரண்டாவது இடம்

பெரியக்கா மட்டும் இந்தப் பக்கம் திரும்பிவிடக் கூடாது. திரும்பினால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

நல்லவேளை, அவள் கூட்ட அறையின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வரைந்த கழிமுக வரைபடம் ஆளுயரத்துக்கு ஒட்டப்பட்டிருந்தது. பதினோரு சிவப்பு வட்டங்கள். போன வருடம் அவளும் அவளோடு சிப்பி அள்ளும் பெண்களும் என் தாளின் மேல் விரல் வைத்துக் காட்டியவை.

"இத எதுக்குக் கேக்குற?" என்று அப்போதே ஒருத்தி கேட்டாள்.

"உங்க இடம்னு பதிவானா வெளியாள் யாரும் நுழைய மாட்டான்" என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

சிப்பி பெருகட்டும் என்று எந்த இடத்தை எந்த மாதம் தொடாமல் விடுவார்கள் என்பதையும் வரிசையாகச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன். பிறகு, வரைபடம் நெரிசலாகத் தெரிகிறது என்று அந்த மாதங்களை நீக்கியவளும் நான்தான். வெறும் வட்டங்கள் மிஞ்சின. பார்க்க அழகாக இருந்தது. வனத்துறை அந்தப் பதினொன்றையும் பாதுகாப்பு மண்டலமாக்கி, வருடம் முழுக்கச் சிப்பி அள்ளத் தடை போட்டது.

"மக்களே காட்டின இடங்கள்" என்றார் அதிகாரி. "ஆராய்ச்சி, அரசு, மக்கள், மூணும் கைகோத்த வேலை இது."

என் பேராசிரியர் தலையாட்டினார்.

"ஐயா, வந்த பொண்ணுக்கு வீட்டச் சுத்திக் காட்டினோம்" என்றாள் பெரியக்கா. "நீங்க ஒவ்வொரு கதவுக்கும் பூட்டு போட்டுட்டீங்க."

அறை சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். "அக்கா நல்லாப் பேசுறாங்க."

"பேச்சுதாங்கய்யா மிச்சம்."

அவர் என் பக்கம் திரும்பினார். "பன்னெண்டாவது ஒண்ணு உங்க நோட்டுல இருக்காமே, மேடம்? அதையும் குடுத்துட்டா மண்டலம் முழுசாயிடும்."

ஒரு நாள் பெரியக்கா வீட்டில் சாப்பிட்ட பிறகு, அவள் என்னை மட்டும் படகில் ஏற்றிக்கொண்டுபோய்க் காட்டிய இடம் அது. "இது தாள்ல வேணாம்டி" என்றிருந்தாள். இப்போது அவர்கள் அடுப்பு எரிவது அந்த ஒன்றால்தான். வரைபடத் தாளில் நான் போடவில்லை; என் நோட்டில் மட்டும் குறித்துவைத்தேன். ஆனால் பேராசிரியரிடம் பீற்றிக்கொண்டேன்: என்மேல் அவர்களுக்கு அவ்வளவு நம்பிக்கை, சார்.

பெரியக்கா திரும்பினாள். கோபமாவது இருந்திருக்கலாம். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"காட்டும்மா" என்றார் பேராசிரியர்.

மடியிலிருந்த நோட்டை மூடிப் பைக்குள் வைத்தேன்.

"இல்ல சார். தர முடியாது."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதிகாரி இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறை அதையே சொன்னேன். பெரியக்கா மறுபடி சுவருக்கே திரும்பிக்கொண்டாள்; அங்கே பதினொன்றும் அப்படியே இருந்தன.