ஒன்றரைக் கட்டை மேலே

பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், தேங்காய் மண்டிக் கொட்டகையில், மாதத்தின் முதல் ஞாயிறு மதியம் பாட்டுக் கூட்டம் நடக்கும். டிக்கெட் கிடையாது. ஊர்க்காரர்களே நாற்காலி போட்டு, மைக் கட்டி, ஆசைப்பட்டவர்களைப் பாடவைப்பார்கள். ஜஸீலா தன் கீபோர்டைத் தூக்கிவந்து எல்லோருக்கும் வாசிப்பாள்.

அவள் தம்பி ஷஹ்பாஸுக்குப் பேச்சு திக்கும். பாட்டு திக்காது. போன வருஷம் அவன் முதன்முறையாக மேடையேறியபோது, நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கிய பிரபு, "அடுத்து ந... ந... நம்ம ஷ... ஷ... ஷஹ்பாஸ்" என்று மைக்கில் இழுத்தான். கூட்டம் சிரித்தது. ஷஹ்பாஸ் பாடாமலே இறங்கிப் போனான். அதன்பிறகு வீட்டில்கூட அவன் வாயிலிருந்து ஒரு வரி வரவில்லை.

ஜஸீலா மட்டும் மாதம் தவறாமல் போனாள். பாடவும் செய்யும் பிரபுவுக்கு முகம் கோணாமல் வாசித்தாள். அவன் குரல் எதுவரை ஏறும், எங்கே முட்டிக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

ஆண்டு விழாவுக்குப் பிரபு தனக்கு நிச்சயமான பெண்ணையும் அவள் வீட்டாரையும் அழைத்துவந்து முன்வரிசையில் உட்காரவைத்தான். அவன் மைக்கைப் பிடித்ததும் ஜஸீலா கீபோர்டில் சுருதியை ஒன்றரைக் கட்டை ஏற்றினாள். பல்லவியில் அவனுக்கு உறைக்கவில்லை. சரணத்தில் உச்சிக்குப் போனபோது குரல் கீறிக்கொண்டு உடைந்தது. மறுபடி எடுத்தான். மறுபடியும் உடைந்தது. பின்னால் யாரோ சிரிக்க, கொட்டகையே சிரித்தது. அந்தப் பெண்ணும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜஸீலா எழுந்து அவன் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"சுருதிய நான்தான் ஏத்தி வச்சேன். பிரபு அண்ணன் குரல்ல குறை இல்ல. என் தம்பி பாட்டுலயும் குறை இல்ல. அன்னைக்கும் நீங்க இப்படித்தான் சிரிச்சீங்க."

பிரபு தரையைப் பார்த்தபடி நின்றான். கூட்டத்தை நடத்தும் அனுராதா டீச்சர் கிட்டே வந்து, "இனிமே நீ இங்க வர வேணாம்மா" என்றார்.

"வரல டீச்சர். கீபோர்டு என்னுது, எடுத்துட்டுப் போறேன்."

நடந்ததை வீட்டில் சொன்னபோது ஷஹ்பாஸ் முகம் மலரவில்லை.

"எ... என்னைக் கேட்டியாக்கா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவ."

"ஆமா" என்று எழுந்து வெளியே போய்விட்டான்.

ஜஸீலா சாப்பிட உட்கார்ந்தாள். தம்பி கோபித்துக்கொண்டது உறுத்தத்தான் செய்தது. ஆனால் சோற்றைப் பிசையும்போது பிரபுவின் குரல் இரண்டாவது முறை உடைந்த அந்த இடம் காதில் வந்து நின்றது. இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.