நீல மூடி, மஞ்சள் மூடி

...அப்படியென்றால் நீல மூடிதான் வெறும் எண்ணெயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நர்ஸ் ஏன் மஞ்சள் மூடிப் புட்டியை மட்டும் அத்தனை பதமாகத் தூக்குகிறாள், பக்கத்து இன்குபேட்டர் பெண் குழந்தைக்கு மஞ்சள், தன் மகனுக்கு நீலம், இரண்டிலும் ஒரே நிறச் சொட்டு, ஒன்றில் ஆராய்ச்சி மருந்து, மற்றதில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எண்ணெய், எதில் எது என்று கொடுக்கிற எங்களுக்கே தெரியாது என்றாராம் டாக்டர், இவள் பிரசவ மயக்கத்தில் கிடந்தபோது கணவனிடம், அவனும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறான். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன், ஒரு போல்ட்டைக்கூட இரண்டு தடவை திருகிப் பார்க்காமல் நகராதவன், இதற்கு மட்டும் எப்படித் தலையாட்டினான்? நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டாள். “தெரிஞ்சா உங்கிட்ட சொல்ல மாட்டேனா?” என்றான், சொன்னபோது போனைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை... பெட்டிக்குள் மகன் உள்ளங்கை அகலம்கூட இல்லாத மார்பை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான், மூக்கில் குழாய், குழாயில் ஆக்சிஜன், அதைப் பற்றியும் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்களே, அது இல்லாமல் இவன் இல்லை, ஆனால் அதுவே கூடிப்போனால் இரும்பில் துரு ஏறுகிற மாதிரி கண்ணையும் நுரையீரலையும் அரிக்குமாம், அந்தத் துருவைத் தடுக்க முடியுமா என்று பார்க்கத்தான் இந்தச் சொட்டாம். மூச்சையே நம்பக் கூடாதென்றால் அப்புறம் எதைத்தான் நம்புவது?

காலையில் டாக்டரையே மடக்கிக் கேட்டாள். “நல்லதுன்னு உறுதியா தெரிஞ்சா எல்லாருக்கும் குடுத்திருப்போம்மா. சில குழந்தைக்கு ஒத்துக்காமயும் போகலாம். வேண்டாம்னா சொல்லுங்க, இப்பவே நிறுத்திடலாம்” என்றார் சாந்தமாக. அந்தச் சாந்தம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது, நிஜ மருந்தென்றால் இவ்வளவு சுலபமாக நிறுத்துவார்களா, வெறும் எண்ணெய் என்பதால்தானே... ஆனால் ஒத்துக்காமல் போகலாம் என்றாரே, அப்போது எண்ணெயே தேவலையா? டாக்டர் போயாயிற்று, நர்ஸ் அந்தக் கோடிப் பெட்டிப் பக்கம் திரும்பியிருந்தாள். இரண்டு புட்டிகளும் ஒரே தட்டில், எட்டுகிற தூரத்தில், மூடிகளை மாற்றிப் போட்டால் யாருக்குத் தெரியும்? எப்போது கை நீண்டதென்று அவளுக்கே தெரியவில்லை, மஞ்சள் மூடி விரலில் வழுவழுப்பாகப் பட்டது, பக்கத்துப் பெட்டியில் அந்தப் பூஞ்சை உடம்புப் பெண் குழந்தை முகம் முழுவதும் வாயாக ஒரு கொட்டாவி விட்டது... கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

நல்லவேளை. அந்தக் குழந்தையின் அம்மா அப்போதுதான் கை கழுவிவிட்டு உள்ளே வந்தாள், சின்னப் பெண், தலை வாரி எத்தனை நாளோ, பார்த்திருப்பாளோ? பார்த்திருந்தால் சிரிப்பாளா? ஏன் சிரிக்கிறாள்? அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, “அக்கா, உங்களுக்கு இங்க யாராச்சும் தெரிஞ்சவங்க இருக்காங்களா?” என்றாள்.

“ஏன் கேக்கற?”

“இல்ல... உங்க பையனுக்குத்தான் எப்பவும் முதல்ல குடுக்கறாங்க. அதுதான் நிஜ மருந்தோன்னு...”

இவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். இத்தனை நாளும் இவள் மட்டும்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்ததாக நினைத்தது என்ன அசட்டுத்தனம்... அந்தப் பெண்ணின் பார்வை இவள் முகத்தைத் தாண்டிப் போய் நீல மூடியில் உட்கார்ந்தது, அங்கேயே இருந்தது. பால் எடுக்க வரச் சொல்லி வாசலிலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். பால் கட்டி மார்பு கனத்து வலித்தது. எழுந்தவள், “இதோ வரேன்” என்று சொல்லிவிட்டு, காப்பது மருந்தையா எண்ணெயையா என்று தெரியாமலே, நாற்காலியைத் தட்டுக்கு முன்னால் நகர்த்திப் போட்டு மறுபடியும் உட்கார்ந்துகொண்டாள்.