அப்போலோனியா கோவிலின் பல்வலிக் கல்

சாதர் நகரத்துப் புனித அப்போலோனியா கோவிலைக் கட்டியவர்களுக்குக் கல் வெட்டச் சோம்பல். பக்கத்தில் இடிந்து கிடந்த ரோமானியர் காலத்துச் சந்தையிலிருந்து கைக்குக் கிடைத்ததையெல்லாம் உருட்டிவந்து அடுக்கிவிட்டார்கள். ஒரு தூண் தலைகீழாக நிற்கிறது. ஞானஸ்நானத் தொட்டியில் முன்பு எந்தப் பணக்காரன் கால் கழுவினானோ தெரியாது. ஊர் கும்பிட்டதென்னவோ இடப்பக்கத் தூணின் அடிக்கல்லைத்தான். பல்வலி வந்தவர்கள் அதில் கன்னத்தை அழுத்தி ஒரு முத்தம் கொடுப்பார்கள். வலி போய்விடும்.

அந்தக் குளிர்காலத்தில் கடல்காற்றின் ஈரம் தாங்காமல் கல்லின்மேல் பூசியிருந்த காரை பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே லத்தீன் எழுத்துகள், தலைகீழாக.

பங்குச் சாமியார் தொன் ஷ்பிரோ தரையில் குப்புறப் படுத்து, கழுத்தைத் திருகி வாசித்தார். ‘இங்கே மூத்திரம் பெய்கிறவன்மேல் எல்லாத் தேவர்களின் கோபமும் இறங்கட்டும்.’

“என்ன சாமி எழுதியிருக்கு?”

பின்னால் யெர்கா நின்றாள். மீன்கடைக்காரி. வீங்கிய கன்னத்தைக் கல்லில் வைத்து, முத்தமும் கொடுத்துவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தாள்.

தொன் ஷ்பிரோவுக்குப் பொய் வராது. உண்மையும் அன்று வரவில்லை.

“இந்த இடத்தைச் சுத்தமா வச்சுக்கணும்னு...”

“யாரு, நம்ம அப்போலோனியாம்மாவா சொல்றாங்க?”

அவர் இருமினார். அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாளே பெண்கள் வாளியும் துடைப்பமுமாக வந்து கோவிலைத் தேய்த்துத் தள்ளினார்கள். அதோடு விட்டிருக்கலாம். திருவிழாவுக்கு ஆயர் வருகிறார் என்றதும், சாமியாருக்குத் தெரியாமல், அந்த வாசகத்தை எழுத்துக்கு எழுத்து பார்த்து வெள்ளைப் பட்டுக் கொடியில் தங்க நூலால் தைத்தார்கள். கொடி அவிழ்ந்தபோதுதான் தொன் ஷ்பிரோ அதைப் பார்த்தார். பக்கத்திலேயே ஆயர் நின்றார். குருமடத்தில் இருபது வருஷம் லத்தீன் நடத்தியவர்.

ஆயர் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“தையல் ரொம்ப நேர்த்தி” என்றார்.

பிரசங்கத்தின் நடுவில் அவர் கண் கொடிப்பக்கம் போய்விட்டது. தோள்கள் குலுங்க, கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டார். ஆயரே அழுகிறார் என்று பெண்களும் அழுதார்கள்.

பூசை முடிந்ததும் ஆயர் சாமியாரை ஓரமாக இழுத்தார். “நீங்களே சொல்லிடுங்க ஷ்பிரோ. நான் சொன்னா சிரிச்சுடுவேன்.”

பெண்கள் எண்ணெயில் பொரித்த மாவுருண்டைகளைப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். தொன் ஷ்பிரோ தரையைப் பார்த்தபடி சொல்லிமுடித்தார்.

“அப்ப நாங்க இத்தனை காலமா முத்தம் குடுத்தது...” என்றாள் யெர்கா.

“ஆமாம்மா.”

“இருங்க. அப்படி எழுதினப்புறம் எவனாவது அங்க ஒண்ணுக்குப் போயிருப்பானா?”

“தேவர்கள் கோபம்னு போட்டிருக்கே. துணிஞ்சிருக்க மாட்டான்.”

“பாத்தீங்களாடி! இந்த ஊர்ல வேற எந்தக் கல்லுக்காவது அந்த உத்தரவாதம் உண்டா? ஒரு பூனைகூட ஒதுங்காத கல்லு! அதுல முத்தம் குடுக்காம வேற எதுல குடுக்கறது?”

பெண்கள் எல்லோரும் நியாயம்தான் என்றார்கள். ஆயர் அவசரமாக ஓர் உருண்டையை வாயில் திணித்துக்கொண்டார்.

“ஆனா நீங்க மறைச்சது தப்பு சாமி. ஊர்வலத்துல இந்தக் கொடிய நீங்கதான் தூக்கணும்” என்றாள் யெர்கா.

தூக்கினார். துறைமுகம்வரை, நகரத்தின் முக்கிய வீதிகள் எல்லாவற்றிலும். ஜனங்கள் வழியெங்கும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ரொட்டிக்கடை வாசலில் மட்டும் உயர்நிலைப் பள்ளியின் லத்தீன் ஆசிரியர்கள் இரண்டுபேர், நிற்கமுடியாமல் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.