முதல் கிண்ணம்

சூர்யநாராயணன் வருகிறார் என்றால் கிண்ணமும் வருகிறது என்று அர்த்தம். மாடம்பாக்கம் காலனியில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கிரகப்பிரவேசமா, மரக் கிண்ணம். சீமந்தமா, மரக் கிண்ணம். ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவரைப் பார்க்கப் போனாலும் ஆரஞ்சுப் பழத்தை ஒரு கிண்ணத்தில் போட்டுத்தான் எடுத்துப் போவார். இன்சூரன்ஸ் ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் அடுத்தவர் விபத்துகளுக்கு ஃபைல் போட்டவர். ரிடையரான கையோடு மொட்டைமாடித் தகரக் கொட்டகையில் ஒரு லேத் வாங்கிப் போட்டு மரம் கடைய ஆரம்பித்து நாலு வருஷம் ஆகிறது. நாற்பது கிண்ணத்துக்கு மேல் கடைந்தாயிற்று, அத்தனையும் கொடுத்தாயிற்று. வாங்கியவர்கள் சிலர் அதில் சாவி போட்டார்கள், சிலர் மாத்திரை போட்டார்கள், பலர் அதைப் பரணில் போட்டார்கள். மனைவி வேதா மட்டும்தான் முகத்துக்கு நேரே சொல்வாள்.

"கிண்ணமா இது, அம்மிக்கல்லா? ஒரு தடவை நீங்களே தூக்கிப் பாருங்க."

கொடுப்பது அவருக்கு ஒருநாளும் கஷ்டமாக இருந்ததில்லை. வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்படும்படி ஒன்றுகூட அமையவில்லை, அதுதான் காரணம். இதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை.

தாம்பரத்தைச் சுற்றி இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப். அதைக் கட்டி மேய்ப்பவர் லாசரஸ், பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார், யாரும் தேர்ந்தெடுக்காமலே செயலாளர். கடைந்ததை விற்கக் கூடாது என்பது குரூப்பின் முதல் விதி. இரண்டாவது விதி இன்னும் கெட்டி. யார் வீட்டு மரத்தில் கடைகிறோமோ, அந்த மரத்தில் முடிகிற முதல் கிண்ணம் அவர்களுக்குத்தான். எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனாலும் ஒன்பது பேரில் ஒருவரும் அதை மீறியதில்லை. அந்த நம்பிக்கையில்தான் ஊர்க்காரர்கள் மரம் சாய்ந்தால் இவர்களுக்கு முதலில் போன் போடுகிறார்கள்.

போன வருஷத்துக்கு முந்தின டிசம்பர் புயலில் பழைய ஊர்ப் பக்கம் சுப்பராயலு வீட்டுப் பூவரசு சாய்ந்தது. சுப்பராயலு பரம்பரை உள்ளூர்க்காரர். அப்பா நெல் போட்ட நிலத்தில் இவர் கம்பி, சிமெண்ட் கடை போட்டிருக்கிறார். சூர்யநாராயணன் போய் நின்று ஒரே ஒரு துண்டு கேட்டார். சுப்பராயலு கடை வண்டியில் அஞ்சு துண்டு ஏற்றி, கூடவே இரண்டு ஆட்களை அனுப்பி, மாடிக் கொட்டகை வரைக்கும் சுமந்து வைக்கச் சொன்னார். ஆட்களுக்குக் காபிக்காவது தரலாம் என்று பர்ஸை எடுத்தால் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னா சார் நீங்க. அடுப்புக்குப் போவ வேண்டிய மரம் உங்க கைக்கு வருது. பேசாம எட்த்துனு போங்க."

ஈர மரத்தை ஒரே மூச்சில் கடைய முடியாது, காயும்போது கோணிக்கொள்ளும். தடிமனாக ஒருமுறை கடைந்து, காகிதப் பையில் சுற்றி, ஏழெட்டு மாதம் காயவிட்டு, திரும்ப லேத்தில் ஏற்றித்தான் மெலிதாக்க வேண்டும். ஆகஸ்டில் சூர்யநாராயணன் முதல் பையைப் பிரித்தார். அன்றைக்கு என்ன வேளையோ, உளி சொன்னபடி கேட்டது. சீவல் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு சட்டையெல்லாம் அப்பிக்கொண்டது. உப்புத்தாள் போட்டு, எண்ணெய் தடவி நிமிர்ந்தபோது ஒன்பது அங்குல அகலத்தில் ஒரு கிண்ணம் நின்றது. சுவர் பிஸ்கட் கனம்கூட இல்லை. சாக்லேட் நிறத்தில் ஊதா ரேகைகள். சுண்டினால் கிணீரென்றது. வேதா தூக்கிப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், குறை ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனாள். மனிதர் அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லாததைக்கூடக் கவனிக்கவில்லை.

முறைப்படி மறுநாளே அது சுப்பராயலு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஒரு வாரம் ஹால் ஷெல்ஃபில் இருந்தது. காலையில் காபியோடு அதற்கு எதிரே உட்கார்ந்துகொள்வார். கௌரவமான வார்த்தை எதற்கு, பேராசை பிடித்துவிட்டது. நாற்பது கொடுத்தவன் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டால் குடியா முழுகிவிடும் என்று தனக்குத்தானே வாதாடினார். கடைசியில் இரண்டாவது பையைப் பிரித்து, ஒரே மத்தியானத்தில் இன்னொன்றைக் கடைந்து முடித்தார். அது வழக்கமான அம்மிக்கல் ஜாதி. அதை எடுத்துப் போய் சுப்பராயலு கையில் கொடுத்து, "உங்க மரத்தோட முதல் கிண்ணம், அண்ணா" என்றார்.

சுப்பராயலு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அவர் மனைவி அங்காளம்மாள் தூக்கிப் பார்த்து, "நல்லா கனமா கீது" என்று மெச்சினாள். கிளம்பும்போது ஸ்கூட்டரின் முன்னால் ஒரு வாழைத்தாரையும் ஏற்றிவிட்டார்கள். அந்த வாழைக்காய் வறுவலை சூர்யநாராயணன் தொடவே இல்லை. வாயு என்று வேதாவிடம் சொல்லி வைத்தார்.

ஜனவரியில் ராஜகீழ்ப்பாக்கம் பள்ளிக்கூட ஹாலில் குரூப் ஒரு கண்காட்சி வைத்தது. ஒவ்வொருவரும் தங்களுடைய சிறந்த உருப்படியைக் கொண்டுவர வேண்டும், முன்னால் ஒரு அட்டையில் என்ன மரம், யார் தந்தது என்று எழுதி வைக்க வேண்டும். வீட்டிலேயே வைத்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. ஆனால் நாலு பேர் பார்த்து மெச்சாவிட்டால் அந்தக் கிண்ணத்தை வைத்திருந்துதான் என்ன பிரயோஜனம்? எடுத்துப் போய்விட்டார். அட்டையில் பூவரசு என்று எழுத முடியாதே, எழுதினால் சுப்பராயலு பெயரையும் போட வேண்டும், முதல் கிண்ணம் எது என்று கேள்வி வரும். 'ரோஸ்வுட், பழைய கட்டில் கால்' என்று அவசரத்தில் எழுதினார்.

லாசரஸ் அட்டையைப் படித்தார், கிண்ணத்தைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் படித்தார்.

"ஒன்பது அங்குலக் கிண்ணம் கட்டில் கால்லேர்ந்தா? அந்தக் கட்டில்ல யார் சார் படுத்தாங்க, யானையா?"

சூர்யநாராயணன் சிரித்து வைத்தார். அட்டையை மாற்றி எழுதலாம் என்று பேனாவைத் தேடும்போதே லாசரஸ் அடுத்த குண்டைப் போட்டார்.

"பதினோரு மணிக்கு மரம் குடுத்தவங்க எல்லாரும் வராங்க. அவங்கதான் சீஃப் கெஸ்ட். நானே போன் பண்ணிக் கூப்பிட்டேன்."

கிண்ணத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு கழன்றுவிடலாமா என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்கையிலேயே வாசலில் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பின்னாலேயே பட்டுப்புடவையில் அங்காளம்மாள்.

அவர்கள் நேராக இவர் மேஜைக்குத்தான் வந்தார்கள். தெரிந்த முகம் இவர் ஒருவர்தானே. சுப்பராயலு கிண்ணத்தை எடுத்துச் சுற்றிப் பார்த்தார். "சூப்பரா கீது சார்" என்று சொல்லி மனைவி கையில் கொடுத்தார். அங்காளம்மாள் உட்புறம் விரலை ஓட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். அங்கே நீலமும் கறுப்புமாகக் காசளவு ஒரு கறை. இரும்பு பட்டு மரம் கறுத்த இடம். அதுதான் கிண்ணத்துக்கே அழகு என்று சூர்யநாராயணன் நினைத்திருந்தார்.

"யோவ், இது நம்ம பூவரசுய்யா" என்றாள் அங்காளம்மாள். "துணிக்கொடி கட்ட நான் அடிச்ச ஆணி. தீனா வயித்துல கீறப்போ. மரத்துல ஆணி அடிப்பியான்னு நீகூட அன்னிக்கு என்னாண்ட ஒரு நாள் பூரா பேசல."

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பினார்கள். லாசரஸ் மறுபடியும் அட்டையைப் பார்த்தார். ஆமாம் என்று சொல்ல சூர்யநாராயணனுக்கு அப்போதும் நேரம் இருந்தது. அட்டையைக் கொஞ்சம் நேராக நகர்த்தி வைத்தார்.

சுப்பராயலு அட்டையை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்து மெதுவாகப் படித்தார். "சும்மா இரும்மே. சார் ரோஸ்வுட்னு எழுதிகீறாரு. கட்டில் காலாம். கட்டில்ல ஆணி இருக்காதா?" என்றார். கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கி, இருந்த இடத்திலேயே பதமாக வைத்தார். "நம்மூட்டு மரத்துல செஞ்சதத்தான் சார் முதல்லயே குடுத்துட்டாரே. வா, அந்தாண்ட போயி பாக்கலாம்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது சூர்யநாராயணனுக்கு. நாலு பேர் எதிரில் இவர் மானத்தை அந்த மனிதர் தூக்கி நிறுத்திவிட்டுப் போகிறார், அதுவும் தன் பெண்டாட்டியைப் பொய்க்காரியாக்கி. அங்காளம்மாள் பின்னால் நடந்தாள். ஒவ்வொரு மேஜையிலும் சுப்பராயலு நின்று பாராட்டினார். அவள் எதையும் கையால் தொடவில்லை.

அவர்கள் வெளியே போனதும் சூர்யநாராயணன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். அறுபத்துநாலு வயசுக்கு அது ஓட்டம்தான். கேட்டருகே சுப்பராயலு பைக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இது உங்க மரம்தான். முதல்ல முடிச்சதும் இதுதான். அம்மா சொன்னது நிஜம். நான்தான் ஆசைப்பட்டு வெச்சுக்கிட்டேன்."

"தெரியும் சார். அந்தக் கறைய பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு" என்றார் சுப்பராயலு. குரலில் வருத்தம்கூட இல்லை. "அதுக்கு ஏன் இவ்ளோ பேஜாரு? உங்க கையால செஞ்சது. நீங்களே வெச்சிக்குங்க. நானு குடுத்ததா இருக்கட்டும்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சூர்யநாராயணனின் கை கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தது. இப்போது அது திருட்டும் இல்லை, பொய்யும் இல்லை, முறையாகவே அவருடையது. மரத்துக்காரர் வாயாலேயே சொல்லிவிட்டார்.

அங்காளம்மாள் கையை நீட்டினாள்.

"அவரு குடுப்பாரு சார். யாரு கேட்டாலும் இன்னா கேட்டாலும் குடுப்பாரு. ஆணி என்னுது."

சூர்யநாராயணன் கொடுத்தார். கொடுத்தோம் என்று மார்தட்டிக்கொள்ளக்கூட அதில் ஒன்றுமில்லை, அவர்கள் சொத்து அவர்களிடம் போகிறது. இருந்தும் வலித்தது. நாற்பது கிண்ணம் கொடுத்ததில் ஒருமுறைகூட இப்படி வலித்ததில்லை. அவள் அதை முந்தானையால் ஒருமுறை துடைத்து, பைக்கில் ஏறி மடியில் வைத்துக்கொண்டாள். பார்த்துக்கொண்டே நின்றவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"தண்ணி படாம பாத்துக்குங்கம்மா. மாசத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினா போதும். வெயில்ல மட்டும் வைக்காதீங்க, விரிசல் விட்டுடும்."

"வெயில்லதான் இருக்கும்" என்றாள் அங்காளம்மாள். "மாடில துணிக்கொடியாண்ட வெச்சி கிளிப்பு போட்டு வெப்பேன்."

சூர்யநாராயணன் அந்தப் பிஸ்கட் சுவரை நினைத்தார். மார்ச் வெயிலை நினைத்தார்.

"போட்டு வைங்கம்மா" என்றார்.